தொண்டும் மணிக்கணக்கும்

தொண்டைமானாறு என்னும் ஊர்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தே, அதனுள்ளே தொண்டு இருக்கின்றது என்று மகிழ்பவர் உளர். மேடைப் பேச்சாளருக்கு அது நல்ல பிடி. தொண்டு ஆறாய்ப் பெருகும் ஊர் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் கரவொலிக்குக் குறைவில்லை. ஆனால் இலக்கணம் கரவொலிக்கு இணங்குவதில்லை. தொண்டை வேறு, தொண்டு வேறு. தொண்டை என்பது கோவைக்கொடி. அக்கொடியைக் கண்ணியாகச் சூடியவர் தொண்டையர். அவர் தலைவன் தொண்டைமான். தொண்டு என்பதோ பழந்தமிழில் ஒன்பது என்னும் எண்ணுக்குப் பெயராய் நின்றது. தொல்காப்பியம் கற்றார் அதனை அறிவர். பழமைக்கும் அச்சொல் பெயராயிற்று, அடிமைக்கும் பெயராயிற்று. அடிமைக்குப் பெயரான சொல்லே அடியார் வாயிற் புகுந்து, உலகம் கைகூப்பும் சொல்லாய் உயர்ந்துவிட்டது.

முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனும் கலிங்கத்துப் பரணியிலே புகழப்பெற்றவனுமாகிய கருணாகரத் தொண்டைமான், உப்புக் கொள்ளும் பொருட்டு இங்கே வந்தான் என்பதும், தூர்ந்து கிடந்த கழிமுகத்தை வெட்டி ஆழமாக்கி மரக்கலம் புகச் செய்தான் என்பதும் யாழ்ப்பாணத்துக் கர்ணபரம்பரை. தொண்டைமான் வெட்டினான் என்கின்றோம். மண்வெட்டி பிடித்தவர் யாவர், எத்தனை நாள் வெயிலில் நின்றனர், யார் அவருக்குக் கூழ் வார்த்தனர் என்று சொல்லும் கதை ஒன்றும் இல்லை. வெட்டிய ஆறு மட்டும் இருக்கின்றது.

பெயர் தெரியாத அந்த மண்வெட்டிக்காரர் நினைவோடு, இக்காலத்து உயர்வகுப்பு மாணாக்கர் செய்யும் சமூகத் தொண்டைப் பற்றிச் சில சொல்ல எண்ணுகின்றேன்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுப் பிள்ளை ஒருத்தி, சந்நிதிக்குப் போகும் வழியில் ஒரு கேள்வி கேட்டாள். "பெரியப்பா, நான் இங்க மடத்தில பாத்திரம் கழுவினால், இத்தனை மணித்தியாலம் வேலை செய்தவ எண்டு கையெழுத்து வைச்சுத் தருவினமோ?"

கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே விளக்கினாள். ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளித் தராதரப் பத்திரம் பெறுவதற்குப் பாடங்களிற் சித்தி பெறுதல் மாத்திரம் போதாது. 40 மணித்தியாலம் சமூகத்துக்கு உழைத்திருத்தல் வேண்டும். 1999 ஆம் ஆண்டு தொடக்கம் வந்த விதி அது. பாட வேளைக்குப் புறம்பாய் அவ்வேலை நிகழ வேண்டும், கூலி பெறலாகாது, வேலை கொண்டவர் கையொப்பம் இட வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் இதற்கு முன்னரே, 1990களில், 75 மணித்தியாலம் என்று விதித்தது. பாரத நாட்டிலோ நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969 இல், 37 பல்கலைக்கழகங்களிலே 40,000 மாணவரோடு தொடங்கிற்று. பின்னர் மேனிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அங்கும் கணக்கு உண்டு: இரண்டு ஆண்டில் 240 மணித்தியாலம், ஏழு நாள் முகாம்.

இக்கணக்குகளை நகையாடுதல் எளிது. நான் நகையாடேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைத்தொலைபேசியோடு இருக்கும் பிள்ளையை ஒரு விதியாவது வெளியே தள்ளட்டுமே. வாய்பாட்டை நாம் விரும்பியா மனனம் செய்தோம்? பிரம்புக்குப் பயந்து செய்தோம். இன்று பிரம்பில்லை, வாய்பாடு இருக்கின்றது. நம் உறவுப் பிள்ளைகள் பலர் அந்த நாற்பதை அங்குள்ள கோயில்களிலும் தமிழ் வகுப்புகளிலும் முதியோர் இல்லங்களிலும் கழிக்கின்றனர். கழித்தபின்னும் போய்வருகின்றவர் உளர் என்று கேட்கும்போது மனம் குளிர்கின்றது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. செய்தவர் பெயர், செய்த மணி, மேலாளர் கையொப்பம் ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் ஏறுகின்றன. செய்யப்பெற்றவர் ஒருவர் இருக்கின்றாரே, அவர் எங்கே? அவருக்குக் கட்டம் இல்லை. அவ்வழக்கம் இப்போது நம்மூரிலும் கால் வைத்துவிட்டது. பாடசாலைச் சான்றிதழ்க் கோவையைத் தடிப்பாக்குவதற்கு ஒரு தாள். தாளுக்கு ஒரு நாள். அந்த நாளுக்கு ஒரு படம். முதியோர் இல்லத்துக்குப் பழப்பை கொண்டு போகின்றோம். பத்துப் பேர் கை ஒரு பழப்பையைப் பிடித்திருக்கப் படம் எடுக்கின்றோம். பெரியவரின் முகம் படத்தின் ஓரத்தில் பாதி விழுகின்றது.

புராணத்துக்குப் போவோம். போகாமல் இருக்க என்னால் முடியாது.

திருவாரூரிலே தண்டியடிகள் என்றொருவர். பிறவிக் குருடர். திருக்குளம் தூர்ந்து சுருங்கியதைக் கேட்டு, அதனைத் தாமே தோண்டுவது என்று துணிந்தார். கண்ணில்லாதவர் குளம் தோண்டுவது எங்ஙனம்? குளத்தினுள்ளே ஒரு தறி நட்டார். கரையிலே ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் எடுப்பார். கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையிற் கொட்டுவார். பார்த்தவர் சிலர் ஏளனம் செய்தனர். அவருக்கு மணிக்கூடு இல்லை, மேலாளர் இல்லை, தாம் எத்தனை கூடை எடுத்தோம் என்று கண்டு மகிழக் கண்ணும் இல்லை. இருந்தவை கயிறும் குளமுமே. பின்னர்க் கண் பெற்றார் என்பது கதையின் முடிவு. எனக்கோ அந்தக் கயிற்றை விட்டு அப்பாற் செல்ல மனம் வருவதில்லை.

இன்னொருவர் திங்களூர் அப்பூதியடிகள். தண்ணீர்ப் பந்தல் வைத்தார், சாலை வைத்தார், குளம் வெட்டினார். எல்லாவற்றுக்கும் திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். தாம் கண்டிராத ஒருவர் பெயர்! அரசரே ஒருநாள் அவ்வழியே வந்து, இவ்வளவும் செய்தவர் தம் பெயரை எழுதாமைக்குக் காரணம் என்ன என்று கேட்கும்படி ஆயிற்று. இன்று நம் தண்ணீர்ப் பந்தல்களைப் பாருங்கள். பந்தலிலும் பெரிது பதாகை. பதாகையிலும் பெரிது உபயகாரர் படம். சர்க்கரைத் தண்ணீர் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று தேட வேண்டியிருக்கின்றது.

நாயன்மார் கதை பழங்கதை என்பார்க்கு, அண்மைக் காலத்து யாழ்ப்பாணம் இருக்கின்றது. நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே வைத்த சைவப்பிரகாச வித்தியாசாலைக்குப் பிடியரிசி கொடுத்தவை ஊர் அடுப்படிகள். 1877 ஆம் ஆண்டளவிற் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோது அவர் கஞ்சித்தொட்டி வைத்தார். வித்தியாசாலை வைத்தவரே கஞ்சித்தொட்டியும் வைத்தார் என்பது ஆசிரியர் நெஞ்சில் நிற்கத்தக்கது.

இனி, இவ்விலங்கையிலே பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு நிகழ்ந்த பெரிய காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது யாழ்ப்பாணத்தில் நிகழவில்லை.

கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலே ஆரியரத்தின என்றொரு இளம் ஆசிரியர் இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1958 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நாற்பது மாணவரையும் பன்னிரண்டு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, குருநாகல் மாவட்டத்துக் கனதொலுவ என்னும் கிராமத்துக்குப் போனார். அது ரொடியா என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு. அயலூரார் அவர் வீட்டிலே தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். கொழும்பின் பெரிய கல்லூரி மாணவர் அங்கே போய்த் தங்கினர். கிணறு வெட்டினர், மலசலகூடம் அமைத்தனர், தோட்டம் இட்டனர். அந்த மக்களோடு இருந்து உண்டனர்.

இவற்றிலே கிணறு வெட்டுதல் எளிது. கை கொப்புளிக்கும், ஒரு வாரத்தில் ஆறிவிடும். உடன் இருந்து உண்டதுதான் அரிது. ஒரு கவளம் வாயில் வைப்பதற்கு முன், பாட்டன் பூட்டன் காலத்து உத்தரவுகள் எத்தனையை அந்தப் பிள்ளைகள் மனத்தினுள்ளே கடந்திருக்க வேண்டும்! அந்த முகாமிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் பிறந்தது; ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவிற்று. ஆரியரத்தின 1969 இல் மகசேசே விருது பெற்றார். 2024 ஏப்ரலில் மறைந்தார்.

சிரமதானம் என்னும் சொல்லையும் அவ்வியக்கமே நமக்குப் பழக்கிற்று. சிரமம் என்றால் வடமொழியில் உழைப்பு. சிரமதானம் உழைப்பைத் தானமாகக் கொடுத்தல். தமிழிற் சிரமம் என்பது வருத்தம், தொல்லை என்ற பொருளிலே வழங்குதலால், நம் மாணாக்கர் அச்சொல்லுக்கு வேறு உரை கண்டிருக்கின்றனர். வெள்ளிக்கிழமை சிரமதானம் என்று அறிவித்தால் வியாழக்கிழமையே காய்ச்சல் வருகின்றது. உரையாசிரியரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பாடசாலை வளவிற் புல்லுப் பிடுங்குவதையும் தண்டனையாய் வெயிலில் நிறுத்துவதையும் ஒரே மைதானத்தில், ஒரே குரலில் நடத்தினால், பிள்ளை வேறெந்த உரை காணும்?

இந்த மண்ணிலும் மாணாக்கர் பெருங் காரியம் நினைத்ததுண்டு. 1924 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரஸ் தோன்றிற்று. பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது அதுவே. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் அதனை நடத்தினர். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று இளைஞர் கூடித் தீர்மானித்தனர். 1927 நவம்பரிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வருவித்தவரும் அவ்விளைஞரே. அஃது ஒரு பக்கம். மறு பக்கமும் உண்டு. 1929 இல், அரச நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று விதி வந்தது. அதுவரை சில பிள்ளைகள் நிலத்திலோ வகுப்புக்கு வெளியிலோ இருந்து படித்தனர். விதி வந்தபின் சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. ஒரு வாங்கிலே அருகிருத்தலைப் பொறாது பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைத்த மண் இது. இதனை மாணாக்கருக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டுத் தொண்டு, தொண்டு என்று கட்டுரை எழுதுவிப்பதிற் சாரம் இல்லை.

நான் கண்ட அளவில், நம் பிள்ளைகள் வேலைக்குப் பின்நிற்பவர் அல்லர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கை அழித்தபோது, உடுத்துறை முதலிய ஊர்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்குச் சோறு கட்டியும் உடுப்புச் சேர்த்தும் ஓடித்திரிந்தவர்களிற் பாடசாலைப் பிள்ளைகள் பலர். அந்த நாள்களில் யாரும் மணி பார்க்கவில்லை. கோயிற் பணிக்கும் நம் பிள்ளைகள் குறைவைப்பதில்லை. சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்பர். வாய்கட்டிப் பூசை செய்யும் பூசகர் மரபினை உடைய தலம் அது. ஆவணித் திருவிழாவில் மடங்கள்தோறும் அடுப்பு எரியும். காய்கறி நறுக்கவும் இலை போடவும் நீர் வார்க்கவும் சாரணப் பிள்ளைகளும் முதலுதவிப் படைப் பிள்ளைகளும் ஓடி ஓடி உழைப்பதைக் கண்டால் கண் நிறையும். அந்தப் பந்தியிலே யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கின்றார் என்று பார்ப்பார் இல்லை.

ஆயினும், பந்தி முடிந்து ஆற்றங்கரை வழியே திரும்பும்போது இன்னொன்றும் கண்ணிற் படும். நெகிழிக் குவளைகள், சாப்பாட்டுத் தாள்கள், தண்ணீர்ப் போத்தல்கள். காற்று அவற்றை ஆற்றிலே தள்ளுகின்றது. பரிமாற நூறு கை வரும்; பொறுக்கப் பத்துக் கை வருவது அரிது. பரிமாறுதல் காணும் தொண்டு. பொறுக்குதல் காணாத் தொண்டு. அந்தப் பத்தில் ஐந்து பெண் பிள்ளைகளாய் இருப்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கின்றேன்.

இந்த ஆற்றைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காலத்திலே வடமராட்சியின் வெள்ளம் நீரேரி வழியே வந்து இங்கேதான் கடலைச் சேரும். கோடையிலே கடல் உள்ளே வரப் பார்க்கும். உவர் உள்ளே ஏறினால் அயற் கிணறும் வயலும் கெடும். ஆதலால் முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டினர். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டும் என்று 1950களிலே பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த திட்டத்திலும், நீரேரிகளை நன்னீராக்குவதற்கு இந்த வாயில் வேண்டப்பட்டது. அத்திட்டம் முற்றுப்பெறவில்லை. தடுப்பணையின் வேலை பார்வைக்குச் சிறிது. வெள்ளம் வரும்போது கதவு திறக்க வேண்டும். வடிந்தபின் மூட வேண்டும். ஆண்டுதோறும், உரிய நாளில், ஒருவர் அதனைச் செய்தாக வேண்டும். ஓராண்டு திறந்து மூடிப் படம் எடுத்துவிட்டு மறு ஆண்டு மறந்தால், உப்பு நம் படத்தைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

மறவாது செய்யும் தொண்டுக்கு இந்த ஊர்ப் பெயரோடு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சைகளை அறியாத உயர்தர விஞ்ஞான மாணவர் வடக்கிலே அரியர். ஆசிரியர் கூடித் தம் ஓய்வு வேளையிலே வினாத்தாள் ஆக்கி, தவணைதோறும் நடத்தி வரும் பணி அது. போர் நடந்த ஆண்டுகளிலும் அதன் பெயரை மாணாக்கர் வாயிற் கேட்டோம். எந்த ஆசிரியர் எந்த வினாவை ஆக்கினார் என்பது எழுதும் பிள்ளைக்குத் தெரியாது.

பெற்றோர் ஒன்று சொல்வர்: "எல்லாம் சரி, பண்டிதர். படிப்புக் கெட்டால் யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. காலை ஐந்து மணிக்குத் தனியார் வகுப்பு, பின் பாடசாலை, மாலையில் மீண்டும் தனியார் வகுப்பு என்று ஓடும் பிள்ளைக்கு மூச்சுவிடவே நேரம் இல்லை. நான் வாரத்துக்கு ஒருநாள் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு பிற்பகல் கேட்கின்றேன். ஆனால் அதே வீட்டுக்குக் கேட்கின்றேன். மாதம் ஒரு புதிய இல்லம், புதிய கிராமம் என்று அலைந்தால், பன்னிரண்டு இடத்திலும் விருந்தாளியாகவே நிற்போம். விருந்தாளிக்குத் தேநீர் கிடைக்கும். வீட்டுக் குறை காதில் விழாது.

நான் அறிந்த பாடசாலை ஒன்றிலே இதனை முயன்று பார்த்தனர். மாரி வெள்ளம் வடிந்தபின் கிணறுகள் கலங்கிக் கிடந்தன. உயர்தர வகுப்பிலிருந்து எட்டுப் பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும், தனித்திருந்த முதிய பெண்மணி ஒருவரின் கிணற்றைக் கலக்கி இறைக்கப் போயினர். சனிக்கிழமை காலை. நானும் உடன் போனேன், இறைக்கவல்ல, பார்க்க. இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. குளோரீன் இட்டனர். பெண்மணி தேநீர் கொண்டுவந்தார். ஒரு தட்டம், ஒன்பது பேணி. என் பங்கை நினைத்தாரில்லை; அது நீதி.

அவ்விடத்தில் ஒரு தாமதம் ஏற்பட்டது. எல்லாரும் கை கழுவினர், முகம் துடைத்தனர், ஆளை ஆள் பார்த்தனர். இருவர் தமக்குத் தேநீர் பழக்கம் இல்லை என்றனர். அவர்கள் தேநீர் குடிப்பதைப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலே நான் நாடோறும் காண்கின்றவன். அந்தப் பெண்மணியும் அத்தாமதத்தை அறியாதவர் அல்லர். எழுபது ஆண்டு அறிந்தவர். தட்டத்தைப் பிடித்தபடியே நின்றார். கீழே வைக்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. அப்போது கூட்டத்திற் சிறியவளாகிய ஒரு பெண் பிள்ளை முன்வந்து, "ஆச்சி, எனக்குச் சீனி இன்னும் கொஞ்சம் போட்டுத் தாங்கோ" என்றாள். ஆச்சி சிரித்தார். சீனிப் போத்தல் வந்தது. பின் மற்றவரும் எடுத்தனர், அவ்விருவரும் எடுத்தனர். ஆசிரியர் அதுபற்றி அன்றும் ஒன்றும் பேசவில்லை, வகுப்பிலும் பேசவில்லை. பேசாதிருக்கத் தெரிந்த ஆசிரியர்.

அப்பாடசாலையில் ஒரு பதிவேடு வைத்தனர். கணக்கு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்கும்போது காட்ட ஒன்று வேண்டுமே. பெயர், திகதி, மணித்தியாலம் ஆகிய கட்டங்களோடு, ஆசிரியர் கோடு போட்டு நாலாவது கட்டம் ஒன்று சேர்த்தார். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் வீட்டுக்காரர். நன்று, மிக நன்று, நீடூழி வாழ்க என்று வரும் என எதிர்பார்த்தோம். ஆச்சிக்கு எழுத வராது. சீனி கேட்ட பிள்ளையை அருகில் இருத்திச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். பதிவேடு பின்னர் என் கைக்கு வந்தபோது வாசித்தேன்:

"கிணறு நல்லாய் இறைச்சிருக்கு. கயிறு பழசு. அடுத்த முறை வரேக்கை பன்னிரண்டு பாகக் கயிறு ஒண்டு கொண்டுவாங்கோ. கப்பிக்கும் எண்ணெய் விட வேணும்."